மூன்று மலை, 24 மணி நேரம், 28 பேர்: பஹாவ் முன்னாள் மாணவர் குழுவுக்கு ஒரு பதில்

மலேசியாவின் நெகிரி செம்பிலானில் உள்ள பஹாவிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். தமிழ்ப்பள்ளி முன்னாள் மாணவர்கள் 28 பேர் சேர்ந்து, தோட்டங்களிலிருந்து வரும் பிள்ளைகளின் பஸ் கட்டணத்துக்கு நிதி திரட்டப் போகிறார்கள். அதற்காக ஆங்சி, டத்தோ, லேடாங் ஆகிய மூன்று மலைகளையும் 24 மணி நேரத்துக்குள் ஏறி இறங்குவதாக அறிவிக்க எண்ணம். பெரும்பாலோர் 40 வயதைத் தாண்டியவர்கள். மலை ஏறிப் பழக்கமில்லை. கையில் பத்து வாரம் இருக்கிறது. "பயிற்சி அட்டவணை ஒன்று கொடுங்கள், எந்தச் சப்பாத்து வாங்கலாம் என்று சொல்லுங்கள்" என்பது அவர் எழுதியது. அந்த இரண்டுக்கும் பதில் கீழே இருக்கிறது. ஆனால் அதற்கு அடியில் இருக்கும் கேள்வி பெரியது: பணம் கொடுத்தவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போது, பழக்கமில்லாத 28 பேரையும் பத்திரமாக வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்க்க முடியுமா? முடியும். மூன்று மலையும் உங்களால் ஏற முடிகிற மலைகள்தான், பத்து வாரமும் போதும். அதற்கு இரண்டு நிபந்தனை. 24 மணி நேரம் என்பதை விட்டுவிடுங்கள். நன்கொடையை உச்சியோடு முடிச்சுப் போடாதீர்கள்.

அந்த 24 மணி நேரக் கணக்கு பிரிட்டனிலிருந்து வந்தது. ஸ்காட்லாந்தின் பென் நெவிஸ் 1,345 மீட்டர், இங்கிலாந்தின் ஸ்கேஃபெல் பைக் 978 மீட்டர், வேல்ஸின் ஸ்னோடன் 1,085 மீட்டர். இந்த மூன்றையும் ஒரே நாளில் முடிப்பது அங்கே நன்கொடை திரட்டுவோரிடையே பெயர்பெற்ற சவால். ஏறும் உயரம் மொத்தம் ஏறக்குறைய 3,000 மீட்டர். ஜூன் மாதத்தில் அங்கே இரவு பத்து மணிவரை வெளிச்சம் இருக்கும், குளிர்ந்த காற்று வீசும், காடு இல்லாத திறந்த சரிவு. நமக்கு ஆண்டு முழுவதும் ஏழு மணிவாக்கில்தான் விடிகிறது, ஏழரைவாக்கில் இருட்டிவிடுகிறது. மரக்கூரைக்கு அடியில் ஆறரைக்கே பாதை தெரியாது. 24 மணி நேரம் என்றால் ஒரு மலையையாவது இரவில் ஏற வேண்டிவரும். நெகிரி செம்பிலானில் உள்ள இரண்டு மலைகளுக்கும் வனத்துறை அனுமதி எடுத்தாக வேண்டும், லேடாங் ஜோகூர் தேசியப் பூங்காவுக்கு உட்பட்டது. இரவு ஏற்றத்துக்கு அனுமதி கிடைக்காது என்று வைத்துக்கொண்டே திட்டம் போடுங்கள். அனுமதியே கிடைத்தாலும், இரவெல்லாம் விழித்த ஓட்டுநரும் வேனுக்குள் கால் மடக்கி உட்கார்ந்து விறைத்துப்போன 28 பேரும் அடுத்த அடிவாரத்தில் வந்து இறங்குவார்கள். அந்த நிலையில் ஏணியில் ஏறச் சொல்லக்கூடாது.

மூன்றும் ஒரே மாதிரி மலைகள் அல்ல. கோலப்பிலா சாலையில் உலு பெண்டுலிலிருந்து ஏறும் ஆங்சி 825 மீட்டர் அளவு. பாதை நீளமானது, ஓடையோரமாகப் போய்ப் பிறகு முகட்டைப் பிடிக்கும், மூச்சு வாங்க இடம் கொடுக்கும். ரெம்பாவில் உள்ள டத்தோ 884 மீட்டர். தூரம் குறைவு, ஆனால் அடிவாரத்திலிருந்தே செங்குத்து, வேர்தான் படிக்கட்டு. உச்சியில் பெரும் பாறைகள், அவற்றின்மேல் இரும்பு ஏணிகள். ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த ஏணிக்கு வரிசை நிற்கும். தலைசுற்றல் உள்ளவர்கள் பாறைக்குக் கீழேயே நிற்கட்டும், அதையே உச்சியாகக் கணக்கு வையுங்கள். தங்காக் பக்கம் சாகிலிலிருந்து ஏறும் லேடாங் 1,276 மீட்டர். கயிறு, ஏணி, வழுக்குப்பாறை எல்லாம் உண்டு. மற்ற இரண்டையும் ஏறிவிட்ட தைரியத்தில் இதைக் குறைத்து எடைபோடாதீர்கள். இங்கே பதிவும் வழிகாட்டியும் கட்டாயம். பூங்கா மூடியிருக்கும் நாள்களும் உண்டு, அதனால் தேதியை அறிவிப்பதற்கு முன்பே இடத்தை உறுதி செய்யுங்கள். பழைய குறிப்புகளில் ஜோகூர் அலுவலகங்களுக்கு வெள்ளி, சனி விடுமுறை என்று இருக்கும். 2025 ஜனவரி 1 முதல் அங்கேயும் சனி, ஞாயிறுதான்.

நான் பரிந்துரைப்பது மூன்று ஞாயிற்றுக்கிழமைகள்: முதலில் ஆங்சி, அடுத்து டத்தோ, கடைசியில் லேடாங். ஒவ்வொன்றும் அடுத்ததற்குப் பயிற்சியாக அமையும், இடையில் கால் வலி ஆறும், பள்ளிக்கும் மூன்று வாரம் தொடர்ந்து செய்தி பேச வாய்ப்புக் கிடைக்கும். நீண்ட விடுமுறையில் அடுத்தடுத்து மூன்று நாள்தான் வேண்டும் என்று குழு பிடிவாதமாக இருந்தால் வரிசையைத் தலைகீழாக்குங்கள். லேடாங்கை முதல் நாளே முடித்துவிட வேண்டும். களைத்த கால்களோடு கயிற்றையும் ஏணியையும் பிடிப்பதைவிட, களைத்த கால்களோடு ஆங்சியில் மெதுவாக நடப்பது எவ்வளவோ மேல்.

நேரக் கணக்குக்கு நெய்ஸ்மித் விதி என்று ஒன்று உண்டு: ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், ஏறும் ஒவ்வொரு 600 மீட்டருக்கும் மேலும் ஒரு மணி நேரம். அது நல்ல பாதையில் தெம்பானவர் நடப்பதற்கான கணக்கு. நம் காட்டு வேரிலும் வெக்கையிலும் புதியவர்களுக்கு அதை ஒன்றே முக்கால் மடங்காக்குங்கள். டத்தோவுக்கு ஒருவழி சுமார் மூன்று கிலோமீட்டர், ஏற்றம் சுமார் 700 மீட்டர். விதிப்படி ஒன்றே முக்கால் மணி நேரம், உங்களுக்கு மூன்று மணி நேரம். இப்படிக் கணக்குப் போட்டு, திரும்பும் நேரத்தைக் கிளம்புவதற்கு முன்பே எழுதி வைத்துவிட வேண்டும். காலை ஏழரைக்குக் கிளம்பினால் டத்தோவில் பதினொன்றரை, ஆங்சியில் பன்னிரண்டு, லேடாங்கில் பிற்பகல் ஒரு மணி. அந்த நேரம் வந்ததும் உச்சி கண்ணுக்குத் தெரிந்தாலும் இறங்க வேண்டும். பூங்காவோ வழிகாட்டியோ இதைவிட முந்திய நேரம் சொன்னால் அவர்கள் சொல்வதே முடிவு.

இங்கேதான் பணம் குறுக்கே வரும். "ஒரு மலைக்கு 100 வெள்ளி, மூன்றும் முடித்தால் 500" என்று நன்கொடை பேசினால், இருநூறு மீட்டர் மிச்சமிருக்கும்போது முட்டி வீங்கிய அண்ணன் திரும்ப மாட்டார். பிள்ளைகளுக்குப் போக வேண்டிய 500 வெள்ளி தன்னால் போய்விடும் என்று நினைப்பார், யாருக்கும் சொல்லாமல் ஏறுவார். நன்கொடை பத்து வாரப் பயிற்சிக்கும் மூன்று நாள் நடைக்கும் என்று இருக்கட்டும். உறுதிமொழி அட்டையிலேயே "உச்சியை அடையாவிட்டாலும் இத்தொகை பள்ளிக்கே" என்று ஒரு வரி அச்சிடுங்கள். கொடுப்பவர்கள் பிள்ளைகளுக்காகத்தான் கொடுக்கிறார்கள், இந்த வரியால் யாரும் பின்வாங்கமாட்டார்கள்.

பயிற்சிக்கு வருவோம். எல்லாரும் ஏறுவதற்கு மூச்சைப் பழக்குகிறார்கள். ஆளைப் படுக்கவைப்பது இறக்கம். இறங்கும்போது தொடையின் முன்தசை, நீண்டுகொண்டே உடம்பின் பாரத்தைத் தாங்க வேண்டியிருக்கிறது. பழகாத தசையில் அது நுண்ணிய கிழிசல்களை உண்டாக்கும், வலி ஒன்று முதல் மூன்று நாளுக்குள் உச்சத்துக்குப் போகும். பிடிப்பு இழந்த தொடை நடுங்கும், நடுங்கும்போது கால் இடறும். பெரும்பாலான சுளுக்கும் விழுதலும் திரும்பி வரும்போதுதான் நடக்கின்றன. இதில் நல்ல செய்தி, இறக்கத்தை ஒருமுறை பழகிய தசைக்கு அடுத்த சில வாரங்களுக்குப் பாதுகாப்பு இருக்கிறது. இது ஆய்வுகளில் திரும்பத் திரும்ப உறுதியான விஷயம்.

முதல் மூன்று வாரம் வாரத்துக்கு நான்கு நாள், நாற்பது நிமிடம் விறுவிறுவென நடங்கள். மேட்டுப்பாதை உள்ள செம்பனைத் தோட்டச் சாலை நல்லது, அலுவலகத்தில் அனுமதி கேட்டுக்கொள்ளுங்கள். நான்காம் வாரம் முதல் வாரத்துக்கு இரண்டு நாள் மாடிப்படி. ஒரு மாடி என்பது சுமார் மூன்று மீட்டர். இருபது மாடி ஏறி இருபது மாடி இறங்கித் தொடங்குங்கள். தரைத்தளத்தோடு சேர்த்து நாலு தளம் உள்ள அடுக்குமாடியில் ஏறுவது மூன்று மாடி, மேலும் கீழுமாக ஏழு தடவை போனால் அந்தக் கணக்கு வந்துவிடும். வாரம் பத்து மாடி கூட்டிக்கொண்டே போய், எட்டாம் வாரத்தில் முதுகில் ஐந்து கிலோவோடு அறுபது மாடி. மின்தூக்கி இருந்தாலும் இறக்கத்துக்கு அதைத் தொடவே கூடாது. இத்தோடு வாரத்துக்கு மூன்று நாள் வீட்டுப்படியில் ஒரு பயிற்சி: ஒரு காலில் நின்று, மற்றக் குதிகாலை மூன்று எண்ணும் நேரத்தில் மெதுவாகக் கீழ்ப்படிக்கு இறக்கி, தரையைத் தொட்டதும் மேலே வர வேண்டும். காலுக்குப் பத்து, மூன்று சுற்று. முட்டி உள்பக்கமாகச் சாயாமல் கால்விரலின் நேர்க்கோட்டில் இருக்கிறதா என்று கண்ணாடியில் பாருங்கள். எட்டாம் வாரம் அறுபது மாடியைத் தொண்ணூறு நிமிடத்தில் முடிக்க முடியாதவர்களை லேடாங் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். அவர்களுக்கு அடிவாரத்தில் முக்கியமான வேலை இருக்கிறது. பத்தாம் வாரம் பயிற்சியைப் பாதியாகக் குறைத்துக் கால்களுக்கு ஓய்வு கொடுங்கள்.

சுகாதாரப் பரிசோதனையைச் சடங்காக நினைக்காதீர்கள். 2019 தேசிய சுகாதார ஆய்வில் மலேசிய இந்தியரில் பெரியவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு நீரிழிவு இருந்தது. 28 பேர் கொண்ட உங்கள் குழுவில் ஏழெட்டுப் பேருக்காவது இருக்கலாம், சிலருக்குத் தெரியாமலே இருக்கலாம். 40 வயதைத் தாண்டியவர்கள், நீரிழிவோ இரத்த அழுத்தமோ உள்ளவர்கள், ஏறும்போது நெஞ்சு இறுக்கமோ தலைசுற்றலோ வருபவர்கள் எல்லாரும் பயிற்சி தொடங்கும் முன்பே சுகாதாரக் கிளினிக்கில் காட்ட வேண்டும். இன்சுலினோ கிளிக்கலசைடு போன்ற மாத்திரையோ எடுப்பவர்களுக்கு நடையின்போதும், அன்று இரவிலும்கூடச் சர்க்கரை தாழலாம். மெட்ஃபார்மின் மட்டும் எடுப்பவர்களுக்கு அந்த ஆபத்து குறைவு. எம்பாகிளிஃப்லோசின் வகை நீரிழிவு மாத்திரைகளும், சிறுநீரைக் கூட்டும் இரத்த அழுத்த மாத்திரைகளும் வெயிலில் உடம்பின் நீரை மேலும் வற்றவைக்கும். அளவை மாற்றுவது மருத்துவரின் வேலை, குழுத்தலைவருடையது அல்ல. ஆனால் காலையில் விரல்நுனியில் அளந்து 5 மில்லிமோலுக்குக் கீழே இருந்தால், ஒரு வாழைப்பழமாவது சாப்பிட்டு மீண்டும் அளந்து பார்த்த பிறகே கிளம்ப வேண்டும். வலி வராமலிருக்க முன்கூட்டியே டைக்ளோஃபினாக், இபுபுரோஃபன் போட்டுக்கொள்ளும் பழக்கம் நம்மவர்களிடம் நிறைய. உடம்பில் நீர் குறைந்த நேரத்தில் அவை சிறுநீரகத்தைப் பதம்பார்க்கும், தயவுசெய்து தவிருங்கள்.

தண்ணீர் ஆளுக்கு மூன்று லிட்டர் சுமக்க வேண்டும், மணிக்கு அரை லிட்டர் என்ற கணக்கில் மிடறு மிடறாகக் குடிக்க வேண்டும். ஒரே மூச்சில் குடித்தால் வயிறு குமட்டும். வெறும் தண்ணீரை அளவுக்குமேல் குடிப்பதும் ஆபத்து, இரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போய்த் தலைவலி, வாந்தி, குழப்பம் வரும். உங்கள் அளவைக் கண்டுபிடிக்க எளிய வழி, பயிற்சிக்கு முன்னும் பின்னும் எடை பார்ப்பது. எடை கூடியிருந்தால் அதிகம் குடித்திருக்கிறீர்கள். 70 கிலோ ஆளுக்கு ஒன்றரைக் கிலோவுக்குமேல் குறைந்திருந்தால் போதவில்லை. மூன்றில் ஒரு பங்கு உப்புச்சர்க்கரை நீராக இருக்கட்டும்: ஒரு லிட்டருக்குத் தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. நீரிழிவுக்காரர்கள் சர்க்கரைக் கணக்கில் இதையும் சேர்க்க வேண்டும். காலை நாசி லெமாக் சாப்பிடுவதென்றால் கிளம்ப இரண்டு மணி நேரத்துக்கு முன், சம்பலைக் குறைத்து. நடக்கும்போது முக்கால் மணிக்கொரு முறை வாழைப்பழம், பேரீச்சம்பழம், கடலைமிட்டாய் என்று கொஞ்சம் கொஞ்சமாக. தசைப்பிடிப்புக்கு உப்பு மாத்திரையும் மெக்னீசியமும் உதவும் என்று பலர் சொல்வார்கள். அதற்கு உறுதியான சான்று இல்லை. பிடித்த தசையை நீட்டிப் பிடிப்பதே உடனடி வழி.

வெப்பத்தாக்கம்தான் இந்த மூன்று மலையிலும் நான் மிகவும் அஞ்சுவது. களைப்பு என்று நினைத்து விட்டுவிடுவார்கள். அடையாளம் மனநிலையில் முதலில் தெரியும்: அமைதியான ஆள் எரிந்து விழுவார், கேட்ட கேள்விக்குப் பொருத்தமில்லாமல் பேசுவார், நேராக நடக்கமாட்டார். வேர்வை நின்றால்தான் வெப்பத்தாக்கம் என்பது தவறு, உழைப்பால் வருவதில் உடம்பு நனைந்தே இருக்கும். உடனே நிழலில் படுக்கவைத்து, சட்டையைத் தளர்த்தி, கையிலிருக்கும் எல்லாத் தண்ணீரையும் உடம்பில் ஊற்றி விசிற வேண்டும். ஓடை அருகில் இருந்தால் துணியை நனைத்து நனைத்துப் போர்த்த வேண்டும். முதலில் குளிரவைப்பது, பிறகு இறக்குவது. ஒருவர் அதைச் செய்துகொண்டிருக்கும்போது இன்னொருவர் 999 அழைக்க வேண்டும். நினைவு தடுமாறுபவர் வாயில் எதையும் ஊற்றக்கூடாது.

சப்பாத்துக்கு வருகிறேன். பால்மரம் வெட்டுபவர்கள் போடும் கருப்பு ரப்பர் சப்பாத்து, ஊரே கம்போங் அடிடாஸ் என்று சொல்வது, ஈர வேரிலும் சேற்றிலும் விலையுயர்ந்த பல சப்பாத்துகளைவிட நன்றாகப் பிடிக்கும். அடியில் உள்ள குமிழ்கள்தான் காரணம். ஆனால் குதிகாலுக்கு மெத்தை இல்லை, காற்றோட்டமும் இல்லை. ஒரு அளவு பெரிதாக வாங்கி, இரண்டு காலுறை போட்டு, குறைந்தது நாலு பயிற்சி நடையில் பழக்கினால் மூன்று மலைக்கும் போதும். ஏற்கெனவே பாதவலி உள்ளவர்களும் பாத உணர்வு குறைந்த நீரிழிவுக்காரர்களும் மெத்தையுள்ள மலையேற்றச் சப்பாத்தே போடட்டும். எதுவானாலும் நகத்தை ஒட்ட வெட்டிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் இறக்கத்தில் கட்டைவிரல் நகம் கறுத்துவிடும். ஊன்றுகோல் முட்டியின் பாரத்தைக் குறைக்கும். கயிறும் ஏணியும் வரும் இடத்தில் அதைப் பையில் கட்டிவிட வேண்டும், அங்கே இரண்டு கையும் காலியாக இருக்க வேண்டும். பகல் நடையானாலும் ஆளுக்கொரு தலைவிளக்கு, விசில், மழைச்சட்டை. அட்டைப்பூச்சி கடிக்காமலிருக்க நீளக் காலுறை.

28 பேர் ஒரே கூட்டமாகப் போகக்கூடாது. ஏழு பேராக நான்கு குழு, ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒருவர், கடைசியில் ஒருவர், இருவர் கையிலும் வாக்கிடாக்கி. கடைசியில் வருபவரைத் தாண்டி யாரும் பின்தங்கக்கூடாது, மெதுவானவரின் வேகம்தான் குழுவின் வேகம். உடல்நலமில்லாமல் திரும்புபவர் தனியாகத் திரும்பக்கூடாது, இருவர் கூடப் போக வேண்டும். ஒவ்வொருவர் பையிலும் பெயர், மருந்து, ஒவ்வாமை, வீட்டுத் தொலைபேசி எண் எழுதிய அட்டை இருக்கட்டும். ஓட்டுநர்கள் அன்று மலை ஏறாதவர்களாக இருக்க வேண்டும். ஆங்சிக்குக் கோலப்பிலா மருத்துவமனை, லேடாங்குக்குத் தங்காக் மருத்துவமனை என்று வழியை அடிவாரக் குழு முன்பே பார்த்து வைக்கட்டும்.

காலத்தைப் பொறுத்தவரை, ஏப்ரல், மே, அக்டோபர், நவம்பர் மாதங்களில் மேற்குப் பக்கத்தில் பிற்பகல் இடிமழை அதிகம். பிப்ரவரியோ ஜூன், ஜூலையோ மேல். தைப்பூசத்துக்குக் காவடி எடுப்பவர்கள் குழுவில் இருந்தால் விரத வாரங்களில் கடும் பயிற்சி வேண்டாம். இடி காதில் விழுந்தால் டத்தோவின் இரும்பு ஏணியிலும் பாறையிலும் ஒரு நிமிடம்கூட நிற்காமல் இறங்கிவிட வேண்டும், கடைசி இடி கேட்டு அரைமணி நேரம் ஆகும்வரை மேலே போகக்கூடாது. ஓடையில் இறங்குபவர்கள் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே இருங்கள். தெளிந்த நீர் திடீரென்று கலங்கினாலோ, இலையும் சுள்ளியும் கூட்டமாக வந்தாலோ, மேலே மழை கொட்டி வெள்ளம் வருகிறது என்று அர்த்தம். பையை எடுக்கக்கூட நிற்காமல் கரையேறி உயரமான இடத்துக்குப் போங்கள்.

பண விஷயத்தில் ஆரம்பத்திலேயே மூன்று முடிவு எடுங்கள். வேன், வழிகாட்டி, அனுமதி, காப்புறுதி ஆகிய செலவு முழுவதும் ஏறுபவர்களின் சொந்தப் பணம். குழு விபத்துக் காப்புறுதி எடுக்கும்போது மலையேற்றம் அதில் அடங்குமா என்று எழுத்தில் கேளுங்கள், பல திட்டங்களில் அது விலக்கப்பட்டிருக்கும். நன்கொடை யாருடைய சொந்தக் கணக்குக்கும் போகக்கூடாது. பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் கணக்கோ பள்ளி வாரியத்தின் கணக்கோ இருந்தால், அவர்களின் எழுத்துப்பூர்வ ஒப்புதலோடு அதன் கியூஆர் குறியீட்டையே சுவரொட்டியில் போடுங்கள். உண்டியலோடு வீடு வீடாகவோ பஹாவ் கடைத்தெருவிலோ போவதாக இருந்தால், அதற்கென்று 1947ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது, முன்னனுமதி வேண்டும். மாவட்டக் காவல்துறைத் தலைமையகத்தில் விசாரியுங்கள். நிறுவனங்கள் வரிவிலக்கு ரசீது கேட்கும். வருமான வரிச் சட்டத்தின் 44(6) பிரிவில் அங்கீகாரம் பெற்ற அமைப்புதான் அதைக் கொடுக்க முடியும். உங்களிடம் அது இல்லையென்றால் சுவரொட்டியில் அந்தப் பேச்சே வரக்கூடாது. கடைசி மலை முடிந்து ஒரு மாதத்துக்குள் வந்த தொகையையும், அதில் எத்தனை பிள்ளைகளுக்கு எத்தனை மாதக் கட்டணம் கட்டப்பட்டது என்பதையும் பள்ளி அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிடுங்கள்.

ஏறி வந்தபிறகு இரண்டு விஷயம். சிறுநீர் கறுப்புத் தேநீர் நிறத்தில் போனாலும், தொடை வீங்கி வலி நாளுக்கு நாள் கூடினாலும், சாதாரண உடம்புவலி என்று பொறுத்துக்கொள்ளாமல் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள், தசை சிதைந்து சிறுநீரகத்தைத் தாக்கும் அறிகுறி அது. அடுத்த ஒரு மாதத்துக்குள் காய்ச்சல், கடும் கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு வந்தால், காட்டு ஓடையில் இறங்கியதை மருத்துவரிடம் முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். ஓடை நீரால் தொற்றக்கூடிய எலிக்காய்ச்சலைத் தொடக்கத்தில் டெங்கியிலிருந்து பிரித்தறிவது கடினம், நீங்கள் சொன்னால்தான் அதற்கான இரத்தப் பரிசோதனையை எழுதுவார்கள்.